கல்கியும் கல்வெட்டும் சேரியும்



நம் மன்றத்தின் முன்னோடி ஒருவரின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் இந்தச் சொற்பொழிவில் இதுவரை பெரும்பாலும் நம் எழுத்தாளர்களைப் பற்றியே பேசி வந்திருக்கிறோம். இந்த ஆண்டு கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியைப் பற்றிப் பேசுவது என்று முடிவானதும், மாணவர்கள் சிலர் கேட்டார்கள்: நம் மேடையில் கல்கிக்கு என்ன வேலை? நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போவோம்.

முதல் காரணம், அவர் நம் மண்ணில் வாழ்ந்தவர். காவிரிக் கரையின் தஞ்சை நாட்டில் பிறந்த அவர், தம் இளமையில் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் தங்கி வேலை செய்தவர். இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. சோழர் காலம் என்றதும் சராசரித் தமிழர் மனத்தில் எழும் படம் பள்ளிக்கூடப் பாடநூல் வரைந்ததல்ல, கல்கி வரைந்தது. அந்தப் படத்தில் வீரநாராயண ஏரி இருக்கிறது, பழையாறை இருக்கிறது, நாகப்பட்டினத்துப் புத்த விகாரம் இருக்கிறது. நம் தெரு மட்டும் இல்லை. அது ஏன் இல்லை, கல்கியின் கையில் இருந்த ஆதாரங்களிலும் அது இல்லாமல்தான் இருந்ததா, அதைப் பார்த்து நாம் எதைக் கற்க வேண்டும், எதைக் கற்கக் கூடாது என்பதுதான் இன்றைய பேச்சு.

புதுப்பாளையத்தில் ஓர் இளைஞர்

கல்கி 1899 செப்டம்பர் 9 அன்று பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் புத்தமங்கலத்தில் பிறந்தார். தந்தை ராமசாமி ஐயர் கிராமக் கணக்கு வேலை பார்த்தவர். வசதியில்லாத பிராமணக் குடும்பம். திருச்சியில் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பைக் கேட்டு, இறுதித் தேர்வு எழுதாமலே படிப்பை விட்டார். 1922இல் ஓராண்டுச் சிறை. வெளியே வந்தபின் 1923இல் திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் உதவி ஆசிரியரானார். அங்கே சுமார் ஐந்து ஆண்டுகள் வேலை கற்றுக்கொண்டு விலகியவர், 1920களின் கடைசியில் நம் பக்கம் வந்தார்.

அப்போது நாமக்கல்லும் திருச்செங்கோடும் சேலம் மாவட்டத்துக்குள் இருந்த ஊர்கள். நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925இல் தொடங்கிய காந்தி ஆசிரமம் கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு என்ற மூன்று வேலைகளை எடுத்துக்கொண்டிருந்தது. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களும் மற்றவர்களும் அங்கே ஒன்றாக வாழ்ந்தார்கள். ஒரே பந்தியில் உண்டார்கள். சுற்றியிருந்த ஊர்களுக்கு அது பொறுக்கவில்லை. வறட்சி கடுமையாக இருந்த அந்த ஆண்டுகளில், நூல் நூற்றுக் கூலி வாங்கப் பெண்கள் ஆசிரமத்துக்கு நடந்து வந்தார்கள். மதுவிலக்குக்கென்றே ராஜாஜி 1929இல் ‘விமோசனம்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். அதை நடத்துவதில் அவருக்கு வலக்கையாக இருந்தவர் கல்கி. குடியால் சீரழியும் குடும்பங்களைப் பற்றிய கதைகளை அவர் அதில் எழுதினார்.

இதை நாம் குறைத்துப் பேசக் கூடாது. 1920களில், கொங்குச் சமவெளியின் நடுவில், தீண்டாமைக்கு எதிரான ஓர் இடத்தில் வந்து தங்கிய பிராமண இளைஞர் அவர். 1937இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானபோது மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்ததும் சேலம் மாவட்டத்தில்தான். அதற்கான பிரசார வேலையின் ஒரு பகுதி கல்கி இங்கே உட்கார்ந்து எழுதியது.

அதே சமயம், அந்த வேலைக்கு ஒரு வரம்பும் இருந்தது. சேரிக்குள் போன சீர்திருத்தக்காரர் அங்கே முதலில் பார்த்தது கள்ளுக் கலயத்தை. நாள் முழுக்கப் பண்ணையத்தில் உழைத்தவருக்கு என்ன கூலி கிடைத்தது, அவர் உழுத நிலம் யார் பெயரில் இருந்தது, அவர் குடிசை நின்ற நத்தம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விகள் பின்னால் போயின. சேரி திருத்தப்பட வேண்டிய இடமாகத் தெரிந்தது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு என்பது தெரியவில்லை. இந்தப் பார்வையின் தொடர்ச்சியைக் கல்கியின் சமூக நாவல்களில் காணலாம். 1938-39இல் ‘ஆனந்த விகட’னில் வந்து, கே. சுப்ரமணியம் இயக்கத்தில் படமாகவும் வெளியான ‘தியாகபூமி’யில், புயலுக்குத் தவித்த ஹரிஜன மக்களுக்கு அடைக்கலம் கொடுத்ததற்காகச் சம்பு சாஸ்திரி தம் சாதியாரால் விலக்கிவைக்கப்படுகிறார். அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான கதை. ஆனால் கதையின் துயரமும் தியாகமும் சாஸ்திரியுடையவை. அடைக்கலம் கேட்டு வந்தவர்கள் அவருடைய பெருந்தன்மைக்குச் சாட்சிகளாக நிற்கிறார்கள்.

அவர் செய்த ஆராய்ச்சி

1941இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றதை ஒட்டி ‘ஆனந்த விகட’னை விட்டு வெளியேறிய கல்கி, தி. சதாசிவத்துடன் சேர்ந்து அதே ஆண்டில் ‘கல்கி’ வார இதழைத் தொடங்கினார். அதில்தான் ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’, ‘பொன்னியின் செல்வன்’ என்ற மூன்று வரலாற்று நாவல்களும் தொடர்களாக வந்தன. தமிழில் வரலாற்று நாவலை முதலில் எழுதியவர் அவரல்லர். 1895இலேயே திருகோணமலை த. சரவணமுத்துப் பிள்ளை ‘மோகனாங்கி’யை எழுதிவிட்டார். கல்கி செய்தது அந்த வகையை லட்சக்கணக்கான வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தது.

அதற்கு அவர் பட்ட பாடு சாதாரணமானதல்ல. ‘சிவகாமியின் சபத’த்துக்கான விதை, ரசிகமணி டி.கே.சி.யுடன் மாமல்லபுரக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது விழுந்தது. சிற்பங்களையும் ஓவியங்களையும் பார்க்க அஜந்தா, எல்லோரா வரை போனார். ‘பொன்னியின் செல்வ’னுக்காக இலங்கைக்குப் போனார். ஓவியர் மணியமும் இடங்களை நேரில் பார்த்துப் படம் வரைந்தார். புத்தகப் படிப்பும் அப்படியே. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு 1935இலும் 1937இலும் இரண்டு பகுதிகளாக வெளிவந்திருந்தது. தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திர’த்தின் முதல் பகுதி 1949இல் வந்தது. அடுத்த ஆண்டே ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கிவிட்டது. 1954 வரை வாரந்தோறும் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று கல்கி காலமானார்.

அவர் ஒரு கல்வெட்டை எப்படிக் கதையாக்கினார் என்பதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கோயிலில் ராஜராஜனின் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலானோரை அது குறிப்பிடுகிறது. அவர்களில் சிலருக்குப் பிரமாதிராஜன் என்ற பட்டம் உண்டு. அரசு அலுவலில் இருந்த பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பட்டம் அது. கொலைகாரர்களும் அவர்கள் உறவினர்களும் வைத்திருந்த சொத்தைப் பறிமுதல் செய்வதையும், அந்த நிலத்தை விலைக்கு விற்பதையும் பற்றியதே அந்தக் கல்வெட்டு. அதாவது, அது அடிப்படையில் ஒரு நில ஆவணம். கொலை பற்றிய செய்தி அந்த நிலக் கணக்கின் காரணமாகத்தான் நமக்குக் கிடைத்தது. கல்கி அதிலிருந்து கொலையை எடுத்துக்கொண்டார், சதிகாரர்களை எடுத்துக்கொண்டார், ஐந்து பாகம் நீளும் மர்மத்தை நெய்தார். நிலத்தைக் கல்லிலேயே விட்டுவிட்டார்.

நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. எதை எடுப்பது, எதை விடுவது என்பது அவர் விருப்பம். ஆனால் வாசகர்களாகிய நாம் அந்த நாவலை வரலாறாகவே நம்பி வளர்ந்தோம். ஆகவே அவர் எதை விட்டார் என்று திரும்பிப் போய்ப் பார்ப்பது நம் கடமையாகிறது.

கல்லில் இருந்தது

தஞ்சைப் பெரிய கோயிலுக்கே போவோம். ‘பொன்னியின் செல்வன்’ என்று கல்கி கொண்டாடிய ராஜராஜன் 1010இல் முடித்த கோயில் அது. அதன் சுவர்களில் கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் மொத்த நிலம் எவ்வளவு, அதில் வரி வராத நிலத்தைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு, அதற்கு எத்தனை கலம் நெல் என்று கணக்கு. வேலி, மா, காணி, முந்திரி என்று மிகச் சிறிய பின்னம் வரை அளந்திருக்கிறார்கள். கழிக்கப்பட்ட நிலங்கள் எவை? ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடே போகும் வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு. சில இடங்களில் தீண்டாச்சேரி.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் குடியிருப்பு ஊரிலிருந்து தனியாக அளக்கப்பட்டிருக்கிறது. அதற்குத் தனிப் பெயர் இருந்தது. சில ஊர்களில் அந்தப் பெயரிலேயே தீண்டாமை இருந்தது. அது கல்லில் ஏறியதற்கு ஒரே காரணம், அந்த நிலத்திலிருந்து வரி வராது என்பது. வாய்க்காலோடும் சுடுகாட்டோடும் ஒரே வரியில், கழிவுக் கணக்காகச் சேரி எழுதப்பட்டது. மிச்ச நிலத்தில் அந்த நெல்லை விளைவித்தவர்கள் யார் என்று கல் சொல்வதில்லை.

அதே கோயிலில் இன்னொரு பட்டியலும் உண்டு. பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் வரும் பங்கு. அவர்களோடு பாடுவோர், கொட்டுவோர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், வண்ணார், நாவிதர் என்று கோயிலின் வேலைக்காரர்கள் பலருக்கும் அங்கே இடம் இருக்கிறது. அரசுக்குத் தேவைப்பட்ட இடத்தில் அந்தக் கல் பெயர் பெயராக எழுதத் தயாராக இருந்தது. பறைச்சேரியில் குடியிருந்தவர்களுக்கு மட்டும் பெயர் தேவைப்படவில்லை.

‘சேரி’ என்ற சொல்லையும் கவனியுங்கள். பழந்தமிழில் அது சேர்ந்து வாழும் இடம் என்ற பொதுச் சொல். பிரமதேய ஊர்களில் பிராமணர் குடியிருப்பின் பகுதிகளுக்கும் சேரி என்றே பெயர் இருந்தது. தளிச்சேரி என்றால் கோயிலார் குடியிருந்த தெரு. மற்றவர்களின் சேரிகள் காலப்போக்கில் தெருக்களாகவும் அக்கிரகாரங்களாகவும் பெயர் மாறின. அந்தச் சொல் நமக்கு மட்டும் மிஞ்சியது.

இவையெல்லாம் கல்கிக்கு எட்டாத செய்திகள் அல்ல. பெரிய கோயில் கல்வெட்டுகள் அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே அச்சில் வரத் தொடங்கியிருந்தன. அவர் ஊன்றிப் படித்த சாஸ்திரியின் நூலும் இந்தக் கல்வெட்டுகளை அடிப்படையாகக் கொண்டதுதான். ஆகவே ஆதாரம் இல்லாமல் நம் தெரு விடுபட்டது என்று சொல்ல முடியாது. புதுப்பாளையத்தில் சேரி மக்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த மனிதர், இருபது ஆண்டு கழித்துச் சோழ நாட்டைக் கற்பனை செய்தபோது அங்கே சேரி இருந்திருக்கும் என்று நினைக்கவில்லை. தீண்டாமை அவருக்குத் தம் காலத்தின் நோய். பொற்காலத்துக்கு அந்த நோய் இல்லை. இந்த நம்பிக்கைதான் அவருடைய வரலாற்று நாவல்களின் அடித்தளம்.

நம் சமவெளிக்கும் அந்தப் பொற்காலத்துக்கும் நேரடி உறவே உண்டு. ‘பார்த்திபன் கனவி’ல் கொல்லிமலை வருகிறது, கபாலிகர் மறைந்து திரியும் இடமாக. உண்மையான கொல்லிமலைத் தலைவர்களைப் பற்றிய செப்பேடுகள் திருச்செங்கோட்டில் கிடைத்திருக்கின்றன. கொல்லி மழவன் என்ற தலைவனைப் பற்றி அவை பேசுகின்றன. ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ என்று அவற்றில் குறிக்கப்படுபவர் வேறு யாருமல்லர், ‘பொன்னியின் செல்வ’னில் நோயுற்றுக் கட்டிலில் கிடக்கும் அதே சுந்தர சோழர்தான். நாமக்கல் மலையைக் குடைந்து அதியர் மரபினர் எடுத்த குகைக் கோயில்கள் அதற்கும் முந்தியவை. இவை எல்லாவற்றிலும் உளி பிடித்தவர், கல் சுமந்தவர், அவர்களுக்குச் சோறு விளைவித்தவர் இருந்திருக்கிறார்கள்.

பிறப்பு ரகசியம்

இப்போது நம்மையே கொஞ்சம் கூர்மையாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய இடத்துக்கு வருகிறோம்.

கல்கியின் வரலாற்று நாவல்களில் எளியவர்கள் இல்லாமல் இல்லை. ‘பார்த்திபன் கனவி’ன் படகோட்டி பொன்னனை மறக்க முடியுமா? ‘பொன்னியின் செல்வ’னில் ஓடக்காரப் பெண் பூங்குழலி இருக்கிறாள். பூக்கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கும் சேந்தன் அமுதன் இருக்கிறான், வாய் பேச முடியாத அவன் தாய் இருக்கிறாள். அந்த நாவலின் மிக நல்ல உள்ளங்கள் இவர்களே என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கதையின் முடிவில் என்ன நடக்கிறது? பூக்கட்டும் சேந்தன் அமுதன் உண்மையில் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மகன் என்று தெரியவருகிறது. அவனுக்கு முடி சூட்டப்படுகிறது. இளவரசனாக வளர்ந்த மதுராந்தகனுக்கோ அந்தப் பிறப்பு இல்லை என்று வெளிப்படுகிறது. ‘பார்த்திபன் கனவி’லும் சிவனடியார் வேடத்துக்குள் இருப்பவர் சக்கரவர்த்தி.

இந்த வகைக் கதைகளின் விதி இதுதான். குடிசையில் ஒருவன் உயர்ந்த உள்ளத்தோடு இருந்தால், அவன் இரத்தத்தில் எங்கோ அரச வம்சம் இருக்க வேண்டும். உயர்வுக்குக் காரணம் பிறப்பு. அது மறைந்திருக்கலாம், ஒருநாள் வெளிப்பட வேண்டும், அவ்வளவுதான். கேட்பதற்கு இனிமையாக இருக்கும் இந்தக் கதைக்குள் வருணத்தின் இலக்கணம் ஓசையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இதைக் கல்கி மட்டும் கண்டுபிடிக்கவில்லை. உலகெங்கும் வரலாற்றுக் காதல் கதைகள் இந்த விதியின்படியே நடந்திருக்கின்றன. நமக்கு இதில் என்ன ஆபத்து என்றால், நாமே இந்தக் கதையை நம்பிவிடுவதுதான்.

இன்று தமிழ்நாட்டில் ஆண்ட பரம்பரை என்று சொல்லிக்கொள்ளாத சாதி எது? சுவரொட்டிகளைப் பாருங்கள். ராஜராஜன் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு சாதியில் பிறந்துகொண்டிருக்கிறான். 2022இலும் 2023இலும் ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படங்கள் வந்தபோது இந்த உரிமைப் போட்டி இன்னும் சூடானது. 2019 ஜூனில் இயக்குநர் பா. ரஞ்சித் திருப்பனந்தாளில் பேசும்போது ராஜராஜன் காலத்தில் நிலம் பறிக்கப்பட்டது பற்றிச் சொன்னதற்கு அவர்மீது வழக்கே பதியப்பட்டது. அரசனைப் புகழ்ந்து எத்தனை நாவல் வேண்டுமானாலும் எழுதலாம், நிலத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் காவல் நிலையம் வரை போக வேண்டும்.

இந்தப் போட்டியில் நம் இளைஞர்களில் சிலரும் இறங்குவதைப் பார்க்கிறோம். நாங்களும் அரச மரபு, எங்கள் குலமும் ஆண்ட குலம் என்று. அவமானப்பட்ட மனம் பெருமையைத் தேடுவதை நாம் புரிந்துகொள்கிறோம், கேலி செய்யவில்லை. ஆனால் சேந்தன் அமுதனின் கதையில் நமக்கு விடுதலை இல்லை. அரச இரத்தம் இருந்தால்தான் மரியாதை என்று ஒப்புக்கொண்ட மறுகணமே, அது இல்லாதவரை இழிவாக நடத்தலாம் என்பதையும் ஒப்புக்கொண்டவர்களாகிறோம். ஒருவேளை நம் முன்னோர் ஒரு நாளும் ஆளவில்லை, உழுதார்கள், அறுத்தார்கள், பறை அடித்தார்கள், பிணம் சுமந்தார்கள் என்றே இருக்கட்டும். அதனால் நம் உரிமையில் ஒரு குன்றிமணி குறையுமா?

இதே மலையில்

பழம்பெருமையின் விலை என்ன என்பதை இந்தச் சமவெளிக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2015 ஜூன் 23 அன்று ஓமலூர்ப் பக்கத்தைச் சேர்ந்த தலித் பொறியியல் இளைஞர் ஒருவர், தம்முடன் படித்த வேறு சாதிப் பெண்ணோடு திருச்செங்கோடு மலைக்கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். பள்ளிபாளையம் அருகே இரயில் பாதையில் அவர் உடல் கிடந்தது. அவர் பெயரை இந்த அவையில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அவர்களில் பெரும்பாலோரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. முதல் குற்றவாளி நடத்திய சாதி அமைப்பு, வெள்ளையரை எதிர்த்துத் தூக்கிலேறிய ஒரு வரலாற்று வீரரின் பெயரைச் சூடியிருந்தது. அந்த வீரருக்கும் இந்தக் கொலைக்கும் சம்பந்தமில்லை. வரலாறு யார் கையில் எப்படிப் பயன்படுகிறது என்பதற்காகச் சொல்கிறோம்.

கல்கியையும் இந்தக் கொலையையும் ஒரே கயிற்றில் கட்டுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கோயிலிலிருந்து சிறிது தூரத்தில், தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன், தீண்டாமைக்கு எதிராக வேலை செய்தவர் அவர். நாம் சொல்வது வேறு. வாள், குதிரை, குலம், மானம் என்று மட்டுமே கடந்த காலத்தை நினைக்கப் பழகிய சமூகத்தில், அந்த நினைவு ஒரு நாள் ஆயுதமாகும். அதற்கு மாற்றாக, நிலமும் உழைப்பும் ஒதுக்கலும் உள்ள கடந்த காலத்தை மக்கள் அறிந்திருக்க வேண்டும். அதை எழுதும் பொறுப்பு நமக்கு இருக்கிறது.

நாம் செய்ய வேண்டிய ஆராய்ச்சி

அந்தப் பொறுப்பை நாம் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. கல்கி பிறப்பதற்கு ஓராண்டு முன், 1898இல், அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழில் ‘இந்திரர் தேச சரித்திர’த்தை எழுதினார். ஒதுக்கப்பட்டவர்களுக்கு அவர் காட்டிய கடந்த காலத்தின் நடுவில் அறிவும் அறமும் இருந்தன. சிம்மாசனத்தை அவர் தேடவில்லை. அவருடைய சொல்லாராய்ச்சிகள் சிலவற்றோடு இன்றைய ஆய்வாளர்கள் உடன்படாமல் இருக்கலாம். ஆனால் நம் வரலாற்றை நாமே எழுத வேண்டும் என்ற முடிவு அவருடையது.

கல்கி பிறந்த ஊரின் பெயரிலேயே புத்தர் இருக்கிறார். ‘பொன்னியின் செல்வ’னில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தை அவர் அன்போடு எழுதினார். ராஜராஜன் அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை விட்டுக்கொடுத்த செப்பேடு இன்று நமக்குக் கிடைக்கிறது. அதே கல்கி ‘சிவகாமியின் சபத’த்தில் நாகநந்தி என்ற புத்த பிக்குவை வஞ்சகத்தின் உருவமாகவும் படைத்தார். பௌத்தம் அவருக்குக் கதையின் தேவைக்கேற்ப வந்துபோகும் பின்னணி.

நம் சேலத்தில் அது பின்னணி அல்ல. ஆத்தூர் அருகே தியாகனூரில் பெரிய புத்தர் சிலைகள் இன்றும் உட்கார்ந்திருக்கின்றன. சேலம் நகரில் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வணங்கப்பட்ட சிலை புத்தர் சிலையே என்று கோரி வழக்குத் தொடுத்தார்கள். பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். தொல்லியல் துறையினர் சிலையின் அமர்வையும் கைகளின் அமைதியையும் தலையையும் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார்கள். 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது புத்தர் சிலைதான் என்று தீர்ப்பளித்தது. எந்த அரச குலத்தின் உதவியும் இல்லாமல், விடாமல் கேட்டவர்களின் உழைப்பாலும் ஆதாரத்தாலும் கிடைத்த தீர்ப்பு அது.

நிலத்திலும் இப்படித்தான். செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணை எண் 1010-உம் இல்லாவிட்டால் பஞ்சமி நிலம் என்ற சொல்லே இன்று நம் வாயில் இருக்காது. 1994இல் காரணையில் அந்த நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். அவர்கள் கையில் இருந்தது ஓர் ஆவணத்தின் நினைவு.

ஆகவே மாணவர்களிடம் நாம் கேட்பது இதுதான். கல்கியைப் படியுங்கள். அவர் எப்படி இடங்களுக்கு நேரில் போனார், எப்படிச் செப்பேடுகளையும் கல்வெட்டுகளையும் தேடினார் என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். கதை வாரந்தோறும் வர வேண்டிய நெருக்கடியிலும் அவர் அந்த உழைப்பைக் கைவிடவில்லை. பிறகு அவர் விட்ட இடத்தில் தொடங்குங்கள். உங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டு அச்சில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதில் சேரி வருகிறதா, எந்தத் திசையில், எவ்வளவு பரப்பில் என்று குறித்துக்கொள்ளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய நிலவரித்திட்டப் பதிவேடுகளில் உங்கள் நத்தம் என்ன பெயரில், எந்தப் புல எண்ணில் இருக்கிறது என்று கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 உங்கள் கையில் இருக்கிறது. ஊரில் எண்பது தொண்ணூறு வயது ஆயாக்கள் இருந்தால், அவர்கள் எந்தப் பண்ணையத்தில் வேலை செய்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை என்று கேட்டு, தேதியோடு எழுதிவையுங்கள்.

அடுத்த ஆண்டு இதே நாளில், இதே மன்றத்தில், ஊருக்கு ஒருவராவது தம் சேரியின் வரலாற்றை நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும். அவற்றைத் தொகுத்து நூலாக்கும் வேலையை மன்றம் ஏற்றுக்கொள்கிறது. அந்த நூலிலிருந்து நாளை நம்மில் ஒருவர் நாவல் எழுதலாம். அதில் வரும் பூக்கட்டுபவர் கடைசி அத்தியாயத்திலும் பூக்கட்டுபவராகவே இருக்கட்டும், அவர் மகள் தன் நத்தத்துக்குப் பட்டா வாங்கட்டும்.

ஜெய் பீம்.